படைப்பதற்கு முன் எடுத்துவைத்தது

1

இந்த நாட்டில் குப்பை கொட்டச் சுவரிலேயே ஒரு வாய் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மாடிக்கு ஒன்றாகப் படிக்கட்டு ஓரத்தில் இரும்பு மூடி. திறந்து போட்டால், போட்டது குழாய் வழியாகத் தடதடவென்று இறங்கித் தரைக்கு அடியில் உள்ள தொட்டியில் போய் விழும். எறிந்தவர் யார் என்று எவருக்கும் தெரியாது. நாகரிகம் என்றால் இதுதான் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். காரைக்காலில் நாம் எறிவதைத் தெருநாயாவது நின்று பார்க்கும்.

பாரிசிலிருந்து ரயிலில் அரை மணி தள்ளி இருக்கும் இந்த அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி எங்களுடையது. என் அக்கா பிலோமினா, அவள் புருஷன் ஆரோக்கியசாமி மச்சான், அவர்கள் பிள்ளை மிக்கேல், நான். நாலாவது மாடியில் மங்களக்கா. காரைக்காலில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருந்த மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டு எங்களுக்கு முன்பே இங்கே வந்தவர். எதிர்வீடு இங்கே கீழ்வீடாகிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் விமானம் இறங்கிய அன்று பிள்ளையார் சதுர்த்தி. இந்த மண்ணில் முதன்முதலாக நான் வாயில் வைத்தது மங்களக்கா கொடுத்தனுப்பிய கொழுக்கட்டை. ஆகவே, ஞாயிறு தவறாமல் பூசை காண்கிற கத்தோலிக்கனான நான், வந்த வருஷத்தைச் சதுர்த்தியை வைத்துத்தான் கணக்குப் பண்ணுகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கலாம்.

இந்த வருஷமும் தூக்கு வந்தது. மூடியில் மங்களக்காவின் அப்பா பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கு. அக்கா வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. மச்சான் அப்போதுதான் ஜெபக்கூட்டம் முடித்து, முகமெல்லாம் ஒளியாக உள்ளே வந்தார். மூடியைத் திறந்தார்.

"என்ன மாப்ள இது?"

"கொழுக்கட்ட. மங்களக்கா குடுத்துச்சு."

"விக்கிரகத்துக்குப் படச்சதா?"

"படைக்கிறதுக்கு முன்னாடியே நமக்குன்னு எடுத்து வச்சது. வருசா வருசம் அப்படித்தானே. போன வருசம் நீங்கதான் நெறைய தின்னீங்க."

"போன வருசம் எனக்கு வெளிச்சம் கெடைக்கல."

தூக்கை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். இரும்பு மூடியைத் திறந்து கவிழ்த்தார். கொழுக்கட்டை குழாயில் உருண்டு போகிற சத்தம் மெத்தென்று இருக்கிறது, கேட்டவனாகச் சொல்கிறேன். பின்னாலேயே ஓடிய நான், கீழ்ப்படிகளில் மங்களக்கா நிற்பதைப் பார்த்தேன். மிக்கேல் அவர் வீட்டில் மறந்துவிட்டு வந்த கம்பளித் தொப்பியைக் கொடுக்க ஏறி வந்திருக்கிறார்.

அவர் தொப்பியைக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டு இறங்கிப் போனார். தூக்கு மட்டும் மச்சான் கையில் மிஞ்சியது. அதையும் போட்டிருப்பார். குழாயின் வாய் சிறியது.

2

நம் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எதிர்வீட்டார் சைவம். முட்டைகூடச் சேர்க்காதவர்கள். சதுர்த்தி, சரஸ்வதி பூசை, பொங்கல் எதுவானாலும், அடுப்பிலிருந்து இறங்கியதும் விளக்கேற்றுவதற்கு முன்பே எங்கள் பங்கு தூக்குக்குள் போய்விடும். மங்களக்காவின் அம்மா வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுப்பார்: "ஞானம்மா, இன்னும் படைக்கல, புள்ளைய அனுப்பு." என் அம்மா அங்கிருந்தே, "வர்றான் வர்றான், நீங்க விளக்க ஏத்துங்க" என்பாள். நாங்கள் படையல் சாப்பிட மாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்காக எங்களை விட்டுவிட்டுச் சாப்பிடவும் அவர்களுக்கு மனமில்லை. ஆகவே இந்த ஏற்பாடு. யார் ஆரம்பித்தது என்று எவருக்கும் நினைவில்லை.

எங்கள் பக்கமும் ஒன்று உண்டு. கறி படாத வாணலி ஒன்று எங்கள் வீட்டு அடுப்படியில் தனியாக ஆணியில் தொங்கும். கிறிஸ்துமஸுக்கு ஆட்டுக்கறி வாசல்படி ஏறுவதற்கு முந்தின நாளே அதில் எதிர்வீட்டுக்கான முறுக்கும் அதிரசமும் வெந்துவிடும். ஒரு வருஷம் என் பெரியப்பா மகன் அந்த வாணலியில் ஆம்லெட் போட்டுவிட்டான். அம்மா அவனைத் திட்டிய திட்டில் பக்கத்து முஸ்லிம் வீட்டு ராவியத்து மாமி சமாதானம் பேச வந்தார். அப்புறம் புது வாணலிதான் வாங்கினோம். மத நல்லிணக்கம் என்ற சொல்லை என் அம்மா கேள்விப்பட்டதே இல்லை. கேட்டிருந்தால் ஏதோ சர்க்கார் லோன் என்று நினைத்திருப்பாள்.

மாங்கனித் திருவிழாவில் சாமி போகிற தெருவில் பெரியப்பா வீடு. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய பழைய சொல்தா. மாடிகளிலிருந்து ஜனங்கள் மாம்பழம் வீசும்போது பாதி எங்கள் மொட்டை மாடியில் வந்து விழும். பெரியப்பா மேளச் சத்தத்தைப் பிரெஞ்சில் திட்டிக்கொண்டே அவற்றைக் கூடையில் பொறுக்கிக் கயிறு கட்டித் தெருவுக்கு இறக்குவார். எங்களைத் தின்ன விட்டதில்லை, காலால் தள்ளவும் விட்டதில்லை. எங்களுக்கு அது மாம்பழம். கீழே பிள்ளை வரம் கேட்டு முந்தானை விரித்து நிற்கிற பெண்ணுக்கு அது பிள்ளை. இறக்கி முடித்ததும் கையைக் கழுவிவிட்டு, ஜெபமாலையைத் தேடி எடுத்து, சத்தம் அடங்கும்வரை உருட்டிக்கொண்டிருப்பார்.

இந்த ஊரில்தான் ஆரோக்கியசாமி மச்சானும் வளர்ந்தார். பிரசங்கம் தொடங்கியதும் மாதா கோயிலை விட்டு வெளியே வந்து பீடி பற்றவைக்கிற கூட்டத்தில் அவர்தான் முதல் ஆள். சாமியார் அவருடைய முதுகைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. விசுவாசத்தின் மீது இப்போது அவருக்கு வந்திருக்கும் காதல், கஸ்டம்ஸ் தாண்டி வந்த பிறகு வாங்கிய சாமான்.

3

இங்கே உள்ள வெள்ளைக்காரர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இல்லாவிட்டால் மச்சான் ஒருவர்தான் இந்த நாட்டில் மூடர் என்று நினைத்துவிடுவீர்கள்.

பிரஜாவுரிமைச் சான்றுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் அந்தோணி என்ற என் பெயரைப் பிரெஞ்சாக்கி வாசித்தாள். "அந்துவான். நீர் இந்து அல்லவா?" இங்கே உள்ள சனத்துக்கு இந்தியாவிலிருந்து வந்தவன் எல்லாம் இந்து. "இல்லை மதாம், கத்தோலிக்கன்." "சரி, கத்தோலிக்க இந்து" என்று சொல்லிவிட்டு, காரைக்கால் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டாள். இருநூறு வருஷத்துக்கு மேல் அவர்கள் கொடி பறந்த ஊர். சொன்னேன். அப்படியா என்றாள். வேறொரு சன்னலுக்குப் போகச் சொன்னாள். அந்தச் சன்னல் சாப்பாட்டு நேரம் என்று மூடியிருந்தது.

நான் பெட்டி தூக்குகிற கிடங்கில் ஷெஃப், அதாவது மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். ஞானஸ்நானம் வாங்கியவர், அவர் அப்பாவும் வாங்கியவர். பெரிய வெள்ளிக்கிழமை நான் பட்டினியாக வேலை செய்வதைப் பார்த்துப் பன்றிக்கறி வைத்த ரொட்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "படித்தவன்தானே நீ? பி.ஏ. என்றாயே. இன்னுமா இந்தக் கதையெல்லாம்?" அந்த ஊர்க் கோயில் மணி மட்டும் மணிக்கொரு தரம் தவறாமல் அடிக்கிறது. உள்ளே போனால் கம்பளிக்குல்லா போட்ட கிழவிகள் கொஞ்சம் பேர், ஒருவருக்கொருவர் நாலு பெஞ்சு தள்ளி. நம்மிடம் அனுப்பிய சாமியார்களோடு தங்கள் விசுவாசத்தையும் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது.

"நாளைக்குச் சாப்பிடுகிறேன் மிசியே, இன்றைக்கு வேண்டாம்" என்றேன். அவர் சிரித்தார். சிரிக்கட்டும். அந்த ரொட்டியை அவர் என்னிடம் நீட்டுவதும் மச்சான் கொழுக்கட்டையைக் கவிழ்ப்பதும் எனக்கு ஒரே கையாகத்தான் தெரிகிறது. அடுத்தவன் வாய்க்குள் விரல் விட்டுப் பார்க்கிற கை.

4

இன்னொரு வகையும் உண்டு. இது இன்னும் மோசம்.

நம் ஆட்கள் சேர்ந்து நடத்துகிற சங்கத்துக்கு ஒரு தலைவர் இருக்கிறார். பிறப்பால் நம்மவர், கத்தோலிக்கர். கோட்டு போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தால் அவர் வாயில் முதலில் வருவது "எல்லா சாமியும் ஒண்ணுதான்." தீபாவளிக்குக் குங்குமம் வைத்துக்கொள்வார். கிறிஸ்துமஸுக்கு முன்வரிசையில் நின்று நற்கருணை வாங்குவார். நோன்புப் பெருநாளுக்குப் பிரியாணி வீட்டுக்குப் போவார். மூன்று மதத்திலும் அவருக்கு ஆழ்ந்த பிடிப்பு இருப்பது சாப்பாட்டில்தான்.

போன பொங்கல் விழாவில் மங்களக்கா ஆரத்தித் தட்டை ஏந்தி வரிசையாக வந்தார். என்னிடம் வந்தபோது நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். எடுக்கவில்லை. எடுப்பதில்லை. தலைவர் விடுவாரா? மைக்கிலேயே சொன்னார்: "பாருங்க, நம்ம தம்பி இன்னும் சாமியாருக்குப் பயப்படுது. எடுத்துக்க தம்பி, எல்லாம் ஒண்ணுதான்."

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

மங்களக்கா நிற்காமல், "அவன் எடுக்க மாட்டான். நீங்க எடுங்க, சூடம் அணையப் போவுது" என்று தட்டைத் தலைவர் மூக்குக்கு நேரே கொண்டுபோனார்.

அந்தக் கூட்டத்தில் என் விசுவாசத்தை மதித்தது யார் என்று எண்ணிப் பார்த்தேன். என் சாமியும் அவர் சாமியும் ஒன்றில்லை என்று நன்றாகத் தெரிந்த ஒரே ஆள்தான். தலைவருக்கு நான் ஒரு பயந்தாங்கொள்ளி. மங்களக்காவுக்கு நான் ஞானம்மா மகன், ஆரத்தி எடுக்காதவன். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை, வியப்பும் இல்லை.

5

கொழுக்கட்டை கொட்டியதோடு முடியும் என்று நினைத்தேன். மச்சானுக்குக் கிடைத்த வெளிச்சம் அதற்குள் அணைகிறதாக இல்லை.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அறிவித்தார்: "மிக்கேல் இனி கீழ போகக் கூடாது. விக்கிரக வீட்டுல வளர்ற புள்ள விக்கிரகமாத்தான் வரும்."

அக்காவுக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. விடிவதற்குள் கிளம்ப வேண்டும். மச்சானுக்குக் கார் தொழிற்சாலையில் ஷிப்ட். பிள்ளையைக் கிளப்பி, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டு, மத்தியானம் அழைத்துவந்து சோறூட்டி, சாயங்காலம்வரை வைத்துக்கொள்வதெல்லாம் மங்களக்காதான். அவனுக்கு ஒன்றரை வயதிலிருந்தே. காசு வாங்கியதில்லை.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "பின்ன யாரு பாத்துக்குவா?"

"நம்ம கூட்டத்துச் சகோதரி ஒருத்தங்க இருக்காங்க."

"அவங்க வீட்டுக்கு ரெண்டு ரயில் மாறிப் போவணும்."

"அப்ப நீ வேலைய வுடு."

"வுட்டுட்டு?"

"ஆண்டவர் பாத்துக்குவார்."

"வாடகையையுமா?"

"பிலோ, விசுவாசத்துல கணக்குப் பாக்கக் கூடாது."

"நீங்க கண்ண மூடிக்கிட்டு அல்லேலூயா பாடிக்கிட்டு இருந்தப்ப உங்க புள்ளைக்குக் குண்டி கழுவி வுட்டது அவங்க. அத மொதல்ல கணக்குல வையிங்க." அக்கா எழுந்து போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அவள் அழுததை நான் பார்த்தேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மிக்கேலுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அவனுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் அவன் மிஷேல். நாம் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறான். "சோறு வேணுமாடா" என்றால் "நோன்" என்கிறான். அவன் முழுசாகத் தமிழ் பேசுகிற ஒரே இடம் நாலாவது மாடி. அங்கே பேசாவிட்டால் காரியம் நடக்காது. மங்களக்காவுக்குப் பிரெஞ்சு வராது, வரவிட்டதும் இல்லை.

கடைசியில் மச்சான் ஒரு தீர்ப்புக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அதை நடத்துகிற பிரதர் பிள்ளையை விசாரிப்பார். கீழ்வீட்டில் அவனுக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று சபைக்கு முன்னால் தெரியட்டும். கறை இருந்தால் திங்கட்கிழமையிலிருந்து அவன் கீழே போகக் கூடாது. அக்கா ஒத்துக்கொண்டாள். அவள் ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

நான் கீழே போனேன். மங்களக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதுவுமே நடக்காத மாதிரி, "டீ போடவா?" என்றார்.

"அக்கா, அன்னைக்கு மச்சான் செஞ்சது..."

"கொட்டுனதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல அந்தோணி. மாவு பெசஞ்ச கைதான் வலிக்கும். ஆனா எங்க மாமியா ஊர்லேருந்து வந்து இங்க தங்கியிருந்துச்சு பாரு, அது இருக்கப்பவே உங்களுக்கு எடுத்து வச்சேன். என்ன பேச்சு பேசுச்சு தெரியுமா? சாமிக்கு முந்தி எவனுக்குடி எடுக்குற, மிச்சத்தத்தான் பிள்ளையாருக்கு வைக்கப் போறியான்னு. எங்க அம்மாவும் இதே பேச்சு கேட்டுச்சு, அவங்க மாமியாகிட்ட."

 இத்தனை வருஷம் அந்தத் தூக்கைத் திறந்து தின்றிருக்கிறேன். எங்கள் மனசாட்சிக்காகத் தங்கள் சாமியைச் சற்று நேரம் காக்க வைத்திருக்கிறார்கள், அதற்கு வசவும் வாங்கியிருக்கிறார்கள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. எங்கள் வாணலிக்கு அப்படி ஒரு விலை இல்லை.

"இனிமே எடுத்து வைக்க வேணாங்க்கா. படைச்சதையே குடுங்க, நான் சாப்புடறேன்."

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சாப்புட மாட்டேல்ல?"

நான் தரையில் கிடந்த வெங்காயத் தோலைப் பொறுக்கினேன்.

"சாப்புட மாட்டே. அப்பறம் எதுக்கு எங்கிட்ட நல்ல பேரு வாங்கப் பாக்குற? ஒன் அம்மாவுக்குத் தெரிஞ்சா செருப்பாலடிப்பா. போ, அந்த டப்பாவுலேருந்து சீனிய எடு."

டீ குடித்தோம். ஞாயிற்றுக்கிழமை விசாரணையைச் சொன்னேன். அவர் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. "கூட்டத்துல நிக்க வச்சா புள்ள பயந்துடப் போறான். பால் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "திங்கக்கெழம அனுப்ப மாட்டாங்களா?" என்று கேட்டார்.

நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு மூலையில் மிக்கேலின் செருப்பு, இன்னொரு மூலையில் அவன் கிறுக்கிய தாள்கள். பூசை அலமாரிக்கு முன்னால் ஒரு துணி தொங்கியது. அவன் இருக்கும்போதெல்லாம் அதை இழுத்து மூடிவைப்பாராம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரம் அவனுக்குப் பென்சில் கொடுத்துப் பால்கனியில் உட்கார வைத்துவிடுவாராம். "அவன் ஊட்டு வழக்கம் வேற. கொழப்பக் கூடாது பாரு" என்றார்.

6

ஜெபக்கூட்டம் நடப்பது ஒரு கார் கொட்டகையில். எண்ணெய் வாடை. நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள்தான், மடக்கு நாற்காலிகளில். நடத்துகிற பிரதர் சாமியாரும் இல்லை, மடத்தில் இருந்தவரும் இல்லை. இன்ஷூரன்ஸ் விற்கிறார். இரண்டு வேலைக்கும் குரல் ஒன்றுதான்: நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அன்றைக்கு விக்கிரகங்களைப் பற்றி வெகுநேரம் பேசினார். பிறகு மிக்கேலை முன்னால் கூப்பிட்டார். மச்சான் அவனைத் தூக்கி நாற்காலிமேல் நிறுத்தினார். அக்கா தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பயப்படாத கண்ணா," பிரதர் குனிந்தார். "அந்த ஆன்ட்டி வீட்டுல ஒன்ன என்ன கும்புடச் சொல்றாங்க? இங்க இருக்கவங்களுக்குச் சொல்லு பாப்போம்."

மிக்கேல் மச்சானைப் பார்த்தான். "சொல்லணுமா? இப்ப சோறு இல்லியே."

"சோறு இல்லாட்டியும் சொல்லு."

பிள்ளை கண்ணை இறுக்க மூடினான். சிலுவை போட்டுக்கொண்டான். கையைக் கூப்பி, ஒரே மூச்சில் ஆரம்பித்தான்: "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே..."

இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். இது அருள் நிறைந்த மரியேயின் பழைய வடிவம். கோயிலில் மாற்றி வெகு காலமாகிறது. எனக்கே பாதிதான் வரும். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் அந்தக் காலத்தில் மனப்பாடம் பண்ணியவர்களுக்குத்தான் முழுசாக வரும், சாதி மதம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் நிற்கவைத்துச் சொல்லவைத்தார்கள், மங்களக்காவையும். மிக்கேல் சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை. அதுவும் நம் கீழைத்தஞ்சை இழுப்போடு. பின் வரிசையில் இருந்த பழைய சொல்தா ஒருவர் தொப்பியைக் கழற்றினார். மூன்றாவது வரியில் அவர் உதடு கூடவே அசைந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மாளும் சேர்ந்துகொண்டாள்.

மிக்கேல் யாரையும் கவனிக்கவில்லை. முடிவுக்கு வந்தான்: "...வேண்டிக்கொள்ளும், ஆமென், சிந்தாம சாப்புடு, சாப்புட்டுக் கை கழுவு."

கொட்டகை குலுங்கிச் சிரித்தது. பிள்ளைக்கு அதுவும் ஜெபத்தின் ஒரு பகுதி. நாள் தவறாமல் ஆமெனுக்குப் பிறகு அதைக் கேட்டுத்தானே வளர்ந்தான். பிலோ அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது முன்பே தெரியும். வேலையிலிருந்து பிள்ளையைக் கூப்பிடப் போகிற சாயங்காலங்களில் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள்.

மச்சான் முகத்தை நான் பார்த்தேன். கூட்டம் கூட்டமாகப் போய்ச் சாட்சி சொன்ன மனிதர், தன் பிள்ளைக்கு ஒரு சிலுவை போடக் கற்றுக்கொடுக்கவில்லை. நேரமில்லை. ஊரை ரட்சிக்கிற வேலை.

பிரதர் சும்மா இருப்பாரா? விற்பனைக்காரர். கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினார். "பாத்தீங்களா? அந்தக் காலத்துல ஆண்டவர் கழுதையோட வாயைக்கூடத் தெறந்து பேச வச்சார். விக்கிரக ஆராதனை பண்றவங்க வாயாலயும் பேசுவார்."

நான் எழுந்தேன். எழ வேண்டும் என்று நினைத்து எழவில்லை, எழுந்துவிட்டேன்.

"பிரதர், அப்ப இந்தப் புள்ளைக்கு உங்க வாயால ஏன் பேசல?"

பழைய சொல்தா மூக்குப்பொடி போட்டுத் தும்மிய மாதிரி ஒரு சத்தம் போட்டார். பிரதர் அடுத்த பாட்டின் எண்ணை அறிவித்தார்.

மச்சான் பாடவில்லை. பிள்ளையை நாற்காலியிலிருந்து இறக்கி, தொப்பியை மாட்டி, கூட்டம் முடியும் முன்பே வெளியே வந்துவிட்டார். காரைக்காலில் பீடிக்கு வெளியே வந்த அதே வேகம்தான். ரயிலில் மிக்கேல், நன்றாகச் சொன்னேனா என்று பிரெஞ்சில் கேட்டான். "நல்லா சொன்னேடா" என்றார் மச்சான், தமிழில்.

7

கொழுக்கட்டை கொட்டிய நாளிலிருந்து தூக்கு எங்கள் சமையலறை அலமாரியின் மேல் கிடந்தது. வெறுந்தூக்கைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம் தெருவில் எவருக்கும் இல்லை. ஒரு பிடி அரிசியாவது, நாலு வாழைப்பழமாவது போட்டுத்தான் கொடுப்போம். எதைப் போட்டுக் கொண்டுபோவது என்று அக்காவுக்கும் எனக்கும் தெரியவில்லை. கொட்டியவர் வீட்டிலிருந்து எது போனாலும் நன்றாக இருக்காது.

கூட்டத்திலிருந்து வந்த அன்று மாலை மச்சான் எழுந்து அதை எடுத்தார். சோப்புப் போட்டுத் தேய்த்தார். துடைத்தார். மூடியில் இருந்த பெயரைக் கொஞ்ச நேரம் வாசித்தார். அந்த மனிதர்தான் காரைக்கால் கடைத்தெருவில் மச்சானின் அப்பாவுக்கு மளிகை கடனாகக் கொடுத்தவர் என்று அக்கா எனக்குச் சொல்லியிருக்கிறாள். அலமாரியிலிருந்து சீனிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துத் தூக்கு நிறையக் கொட்டினார்.  பைபிளை எடுக்கவில்லை. அவர் கையில் பைபிள் இல்லாமல் நான் பார்த்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை அது.

"நீ வா மாப்ள," என்றார் வாசலில் நின்று.

"எதுக்கு?"

"வாயேன்."

நான் மிக்கேலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். படிக்கட்டில் இரும்பு மூடியைத் தாண்டும்போது மச்சான் சுவர்ப்பக்கம் பார்க்காமல் நடந்தார். நாலாவது மாடிக் கதவைத் தட்டினார். மங்களக்கா திறந்தார். பின்னால் வெங்காயச் சாம்பார் வாசம்.

மச்சான் தூக்கை நீட்டினார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். ஊரையே கூப்பிட்டுப் பாவமன்னிப்புக் கேட்கச் சொல்கிற அந்தத் தொண்டையிலிருந்து, "தூக்கு இருந்துச்சும்மா. அதான்" என்பது மட்டும் வந்தது.

மங்களக்கா வாங்கவில்லை. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு மச்சான் முகத்தைப் பார்த்தார். சிரிக்காமல் கேட்டார்:

"ஏண்ணே, இது படைச்சதா, படைக்கிறதுக்கு முன்னாடி எடுத்ததா?"

மச்சான் காதுவரை சிவந்தார். "இல்லம்மா... கடையில வாங்குனதுதான்."

"அப்ப சரி." தூக்கை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "படைச்சதுன்னாலும் கொட்ட மாட்டேன். கேட்டு வாங்குனா நல்லது பாருங்க." என் தோளிலிருந்த மிக்கேலை இன்னொரு கையால் இழுத்துக்கொண்டார். "நாளைக்கு வெள்ளன எழுப்பி வுடுங்கண்ணே, பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிடுது."

"எழுப்பி வுடறேன்," என்றார் மச்சான்.

மேலே ஏறி வரும்போது என்னிடம் ஒன்று கேட்டார். குரல் சன்னமாக இருந்தது.

"மாப்ள, அந்த ஜெபம், கர்த்தர் உம்முடனேக்கு அப்பறம் என்ன வரும்?"

எனக்கும் சரியாகத் தெரியவில்லை. "கீழ போய்க் கேளுங்க" என்றேன்.